மேலே சுற்றிய இருபது நிமிஷம்

நாகலூருக்குப் பெண் பார்க்க வந்த பொன்னுவேலிடம், பெண்ணின் அப்பா அங்கப்பன் தன் முதல் விமானப் பயணத்தைச் சொல்லிப் பொருமினார்.

"மெட்ராஸ் வந்தும் எறக்காம, இருபது நிமிஷம் மேலயே சுத்த வுட்டாங்க. சேலம் ரயிலு போயிருச்சு! சுத்தச் சொன்னவன் கையில கெடச்சா சும்மா வுட மாட்டனுங்க!"

"என்னைக்குங்க?"

"போன மாசம் எட்டாந்தேதி சாயங்காலமுங்க."

பொன்னுவேல் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுக்கு முன்னால போன விமானம் மெதுவாப் போச்சுங்க. இடைவெளி நொம்பக் கொறஞ்சிருச்சு. ரெண்டும் மோதிக்கக் கூடாதுன்னு நாந்தானுங்க சுத்தச் சொன்னேன்."

மாப்பிள்ளைக்கு ஏர்போர்ட் உத்தியோகம் என்றதும், டிக்கெட் கொடுப்பவன் என்றே அங்கப்பன் நினைத்திருந்தார்; விமானங்களுக்கு வழி சொல்பவன் என்று தெரியாது. அந்த இன்னொரு விமானத்தை நினைத்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. மனைவியை அழைத்தார்.

"பாவாயி, மாப்பிள்ளைக்கு இன்னொரு காபி கொண்டா!"