பூஜ்யக் குழாய்

கொல்கத்தாவின் அந்தப் பரிசோதனைக் கூடத்தில், நோயாளியின் சிறுநீரில் புற்றுநோய்க்குரிய நொதி வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். செய்தால் குழாய் ஒளிரும், எண் ஏறும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் சிறுநீர் வேண்டும். பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்த்த லோபாமுத்ராதான் அதைக் கொடுத்துவந்தாள். அவளுடைய எண் எதுவோ, அதுதான் பூஜ்யம்.

போன மாதம் லோபாமுத்ரா சிறுநீர்ப்பைப் புற்றில் செத்துப்போனாள். உறைபெட்டியில் அவள் குழாய்கள் மிச்சமிருந்தன.

இன்று காலை, அங்கே உடன் வேலை பார்த்த மந்திரா பூஜ்யத்துக்கு வெறும் தண்ணீரை வைத்தாள். லோபாமுத்ராவின் குழாயை நோயாளிகளோடு வரிசையில் வைத்தாள். நாற்பது வந்தது. கொதிக்கவைத்தால் எந்த நொதியும் செத்துவிடும். கொதிக்கவைத்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. மறுபடியும் கொதிக்கவைத்தாள். எழுபது.

"சார், லோபா தீதி இன்னும் ஏறிக்கிட்டே இருக்காங்க."

தலைமை அதிகாரி தரப்தார் திரையைப் பார்க்கவே இல்லை. "அவளை வரிசையில வைக்கச் சொல்லி உன்கிட்ட யார் அழுதா? செத்தும் நம்ம மானத்தை வாங்கணுமா? எப்பவும் போல பூஜ்யத்துல போடு."

போட்டாள். எல்லா எண்களும் மளமளவென்று இறங்கின. மூன்றாவது குழாயில் முப்பத்தெட்டு இருந்தது. அதுவும் பூஜ்யமானது.

மூன்றாவது குழாய் தரப்தாரின் மனைவியுடையது. மந்திரா வாயைத் திறப்பதற்குள் அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"உனக்கு ஒண்ணுமே இல்ல, அழாதே. வரும்போது நல்ல இலிஷ் மீனா பார்த்து வாங்கிட்டு வரேன்."