ஒண்ணும் இருக்காது

ஜெபஷீலா தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். கல்யாணமான ஐந்து வருடத்தில் அது ஒருநாளும் கழுத்தை விட்டு இறங்கியதில்லை.

கிறிஸ்டோபர் அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். எம்.ஆர்.ஐ. எடுக்கிற அறைக்குள் ஒரு ஊக்குகூடப் போகக் கூடாதாம்.

“ஒனக்கு ஒண்ணும் இருக்காது,” என்றான். கம்பத்தில் கார் கிளம்பியதிலிருந்து தேனி வந்து சேரும்வரை இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான்.

அவளுக்கு இரண்டு வருடமாக முதுகுவலி. விடிகிற நேரத்தில் இடுப்பும் முதுகும் பலகையாக இறுகிக் கிடக்கும். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்காரவே அரைமணி நேரம் ஆகும். நடமாட நடமாடக் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, சாயங்காலம் சர்ச்சில் பாடகர் குழுவோடு நின்று பாடுகிற அளவுக்குச் சரியாகிவிடும். மறுநாள் விடிந்தால் மறுபடி பலகை.

கம்பத்தில் ஒரு எக்ஸ்ரே, மதுரையில் ஒரு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. இரண்டிலும் குறை எதுவும் தெரியவில்லை. மதுரையிலிருந்து திரும்பிய வழியெல்லாம் ஜெபஷீலா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது தேனியில் பார்க்கும் மூட்டுவாத டாக்டரம்மாதான் முதுகெலும்புக்குள் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார். இதுதான் கடைசி, இதற்குமேல் அலைய முடியாது என்று கிறிஸ்டோபர் சொல்லிவிட்டான். காரின் பின்சீட்டில் அவளுடைய துணிப்பை இருந்தது. ரிசல்ட் வந்ததும் ஆண்டிபட்டியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. கொஞ்சநாள் அங்கேயே இருக்கட்டும் என்று மாமியாரும் சொல்லியிருந்தாள்.

ஸ்கேன் எடுக்கிற பெண்ணின் பெயர் சிம்ரன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஜெபஷீலாவைப் படுக்கவைத்து, காதில் பஞ்சை அடைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். முடியவில்லை என்றால் அமுக்கச் சொன்னாள். உடனே வெளியே எடுத்துவிடுவார்களாம்.

“பயப்படாதீங்கக்கா. நெறைய பேருக்கு ஒண்ணும் இல்லேன்னுதான் வருது.”

அதைக் கேட்டதும் ஜெபஷீலாவின் உள்ளங்கை வியர்த்துப் பந்து வழுக்கியது.

படுக்கை மெல்ல உள்ளே நகர்ந்தது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. திடீரென்று லாரிப் பட்டறையில் தகரம் அடிக்கிற மாதிரி சத்தம் எழுந்தது. நின்றது. வேறொரு தாளத்தில் மறுபடி எழுந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் எது இயந்திரம், எது தன் இதயம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை பந்தை அமுக்கப் போய், அமுக்காமல் விட்டாள். பாதியில் எழுந்துவிட்டால் படம் வராது. ஆண்டவரே, இந்தத் தடவை என்னைக் கைவிட்டுவிடாதேயும் என்று மட்டும் திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டாள்.

நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தபோது அங்கே மாட்டிவிட்ட கவுன் முதுகோடு ஒட்டியிருந்தது. சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். கிறிஸ்டோபர் சங்கிலியைக் கொடுத்தான். போட்டுக்கொண்டாள்.

ரிசல்ட் வர இரண்டு மணி நேரமானது. அவன் வாங்கி வந்த டீயை அவள் தொடவில்லை. அவன் வாசலுக்குப் போய், மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் டாக்டரம்மா அறைக்குள் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். ஜெபஷீலா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வெள்ளையாத் தெரியுற இடமெல்லாம் வீக்கம்மா. இடுப்பு மூட்டு ரெண்டுலயும் இருக்கு. முதுகெலும்புல மூணு இடத்துல இருக்கு.”

எலும்பே மாறிப்போன பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும், வீக்கமாக இருக்கும்போது இந்த ஸ்கேனில்தான் பிடிபடும் என்று விளக்கினார். இது முதுகெலும்பைத் தாக்கும் ஒருவகை வாதம். முழுதாக விட்டுப் போகாது. ஆனால் மாத்திரை, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் ஊசி என்று கட்டுக்குள் வைக்கலாம்.

“இவ்வளவு வீக்கத்தோட எப்படிம்மா வீட்டு வேலை பாத்தீங்க?”

கிறிஸ்டோபரின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஜெபஷீலா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். டாக்டரம்மா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள், பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த முகத்தில் பயமே இல்லை. கணவன் பக்கம் திரும்பினாள்.

“பாத்தீகளா, நான் நடிக்கல.”