வால்வு வாயில் ஒரு கல்

கிணற்று மேட்டு மோட்டாருக்கு அலுத்துப்போயிற்று. இழுக்கத் தொடங்க வேண்டுமென்று வீட்டுக்காரர் அதன் வாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றியதெல்லாம் குழாய் வழியே கிணற்றுக்கே இறங்கிவிடுகிறது. அப்புறம் எதைப் பிடித்துத் தண்ணீரை இழுப்பது?

"குழாய் அடியில் இருக்கிற வால்வே, வாயை மூடித் தொலையேன்!"

"கல் சிக்கியிருக்கு அண்ணே. என்னை ஒருதரம் மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்களேன்."

"சொல்லாமலா இருக்கேன்? நான் கத்தினா, மோட்டார் போச்சுங்கிறார். மூணு தரம் என்னைத்தான் பிரிச்சுப் போட்டாங்க!"

மறுநாள் பழைய மோட்டாரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் புது மோட்டாரை வைத்தார்கள். சந்தனம், குங்குமம் எல்லாம் இட்டார்கள்.

"உங்களுக்கு வயசாயிடுச்சு தாத்தா. இனி நான் பார்த்துக்கறேன்" என்றது புதுசு.

வீட்டுக்காரர் முதல் குடத்தை ஊற்றினார். ஊற்றியது அப்படியே கீழே இறங்கியது.

"அண்ணே, கல்லு!" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யார் தாத்தா அது?"

"உனக்குக் கேட்டுடுச்சா? அதை வீட்டுக்காரர் காதிலே போடு, பார்க்கலாம்."