வெள்ளைப் பின்னணியில் ஒரு முகம்

ஓய்வுக்கால விசாவை எந்த நாட்டுக்குக் கேட்பது என்று மூன்று மாதமாக முடிவாகாமல் கிடந்ததை, செல்லமுத்து ஒரே காலையில் முடித்துவிட்டார். கடலோரத்திலிருக்கும் அந்தச் சின்ன நாடுதான். அவர் மனைவி மரகதத்துக்கு நாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கே விண்ணப்பிப்பது என்பதில்தான் மனம் ஒட்டவில்லை.

“ஏனுங்க, சென்னைத் தூதரகத்துலயே போட்டுட்டா என்னங்க?”

“இங்கன்னா ரெண்டு பேரும் நேர்ல போயி நிக்கோணும். டூரிஸ்ட்டாப் போயி அங்க போட்டா, நான் ஒருத்தன் போதும் அம்மிணி.”

“அப்ப நானுங்க?”

“உன்ற போட்டோவுந்தான் எடுத்தாச்சே!”

சிரித்தபடி ஸ்டுடியோப் பையை நீட்டினார். வெள்ளைப் பின்னணியில் அவள் முகம், எட்டுப் பிரதிகள். விசாவுக்குச் சிரிக்கக் கூடாது என்று அவர் சொல்லி எடுத்த முகம். பையின் அடியில், செய்தித்தாளில் சுற்றிய கனமான பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தாள். அதே முகம், ஒன்றரை அடி உயரத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள். உச்சியில் சின்னதாய் ஒரு சிவப்பு பல்பு.

“இது எதுக்குங்க?”

“ஸ்டுடியோக்காரன் தப்பாப் பண்ணிட்டானாட்ட இருக்குது. கெடக்கட்டும் உடு.”

அவர் விண்ணப்பத்துக்குத் திரும்பினார். மரகதம் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். இறந்துபோன மாமனார், மாமியார் படங்களின் மேல் சிவப்பு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு புது ஆணி. காலையில் அதற்கு நேர் கீழே உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புத் தூளை அவள்தான் கூட்டி அள்ளியிருந்தாள்.