நேவிப் பயம்

கனடாவின் அந்த ஏரிக்கரைப் பழைய கடற்படை முகாம் இப்போது பறவைகள் சரணாலயம். காலையில் ரொறன்ரோவிலிருந்து மனைவி மக்டலீனோடு காரில் வந்திருந்த அன்புராசா, பழைய காவல் கோபுரத்தில் பைனாகுலரோடு ஒருவர் நிற்பதைக் கண்டதும் பற்றைப் புதருக்குள் குப்புறப் படுத்துவிட்டார்.

மக்டலீனுக்குக் கண் கலங்கியது. "ஊர்ச் சண்டைக்குத் தப்பிக் கனடாவுக்கு வந்து முப்பது வருசமாகியும் உங்கட நேவிப் பயம் போகேல்லையே! அந்தாள் குருவி பாக்க வந்தவரப்பா. எழும்புங்கோ."

"சத்தம் போடாதையும்!"

"பொறுங்கோ, தான் நேவி இல்லையெண்டு அவரையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுறன்." கோபுரத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

அன்புராசா அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கையை இறக்கும்! அவர் என்ர மனேஜர். நான் இண்டைக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்!"

பைனாகுலர் இந்தப் பக்கம் திரும்பியது. மக்டலீனும் தடாலென்று குப்புறப் படுத்தாள்.