ஒற்றைக் காசு

"சார், அன்னிக்குக் கோட்டை விட்டீங்களே, கப்பல் போட்ட வெள்ளிக் காசு? அதே மாதிரி ஒண்ணு இப்பதான் வந்திருக்கு" என்றார் நாணயக் கடைக்காரர் போனில்.

கணக்காளர் அலுவலக நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பல வருஷத்துக்கு முன், "யோசிச்சுச் சொல்றேன்" என்று டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் அந்தக் காசு கைமாறிவிட்டது. அன்றிலிருந்து, வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஒற்றைக் கப்பல் காசுக்கு ஜோடி கிடைக்கவில்லையே என்று அவர் புலம்பாத நாளில்லை.

"யாருக்கும் காட்டிடாதீங்க, வந்துக்கிட்டே இருக்கேன்!"

"இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு நிக்கிறார் சார்."

"அவர் சொல்றதுக்கு ரெண்டு மடங்கு தர்றேன்!"

மேலாளரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தார். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரை அவசரப்படுத்தினார். கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்து, உறையைக்கூடப் பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

ஜோடி சேர்த்து வைக்கப் பெட்டியைத் திறந்தார். கப்பல் காசு இருந்த வெல்வெட் குழி காலியாக இருந்தது.

"இங்க இருந்த காசு எங்கே?" என்று கத்தினார்.

மனைவி சிரித்தபடி வந்தாள்.

"ஜோடி இல்லாட்டி சல்லிக்காசு பெறாதுன்னு நீங்கதானே தினமும் புலம்புவீங்க? அதான் காலையில உங்க நாணயக் கடையில குடுத்துட்டேன். நல்ல விலைங்க! எவனோ ஒரு பைத்தியக்காரன் அதுக்காகவே வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருக்கானாம்."