சத்தம் கசியும் ஹெட்போன்

சோமசேகரத்தார் கறுப்பு ஹெட்போனை முருங்கைக் கொப்பில் தொங்கவிட்டு, விறாந்தை வரை நடந்து வந்து நின்று கேட்டார்.

நாதஸ்வரம் காதருகே நுளம்பு பறக்கும் சத்தமாக வந்தது. தவில் வரவே இல்லை.

ஹெட்போன் வாங்குகிற எவனும் அதைக் காதில் மாட்டித்தான் பார்ப்பான். இவர் மரத்தில் மாட்டிப் பார்த்தார்.

அடுத்து வெள்ளி நிறத்தது. நாதஸ்வரம் இன்னும் மெலிந்தது. ஆனால் சினிமாப் பாட்டில் பெண்குரல் சொல் சொல்லாகக் கேட்டது. கசெற்றை மாற்றி வயலினைப் போட்டார். கம்பியில் வில் உரசுவதுகூட விறாந்தை வரை வந்தது.

அவருக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை.

இரண்டையும் மருதனார்மடச் சந்தியில் ரேடியோ திருத்தும் தேவராசாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். நடுத்தர விலை. காதை மூடும் வட்டத்தின் வெளிப்புறம் வெறும் வலை. கடையில் விலை கூடியது ஒன்றும் இருந்தது. காதை இறுக்கிப் பொத்தும், துளி சத்தம் வெளியே போகாது என்று தேவராசா அதைப் புகழ்ந்து தள்ளினான். சோமசேகரத்தார் அதைக் கையால் தொடவும் இல்லை.

அவருக்குச் சத்தம் வெளியே போகவேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கச்சி பத்மாசினிக்குக் கேட்கவேண்டும்.

எல்லை வேலிக் கதியால் மரம் ஒன்று யாருடைய காணிக்குள் நிற்கிறது என்று தொடங்கிய சண்டையில் அண்ணனும் தங்கையும் கதைபேச்சை விட்டவர்கள். அவள் முகம் தெரியக்கூடாதென்று வேலிக்கு மேல் இன்னொரு வரிசை ஓலை வைத்துக் கட்டினார். அவளுடைய வாசல் படலையோ பின்தெரு ஒழுங்கையில்; அவள் போவதும் வருவதும் இவர் கண்ணில் படாது. அவள் பெயரைத் தன் முன்னால் எடுக்கக்கூடாதென்று ஊருக்கே உத்தரவு போட்டார். ஊரும் அதை ஒழுங்காகக் காப்பாற்றியது.

கோபம் எப்போதோ போய்விட்டது. ரோசம்தான் போகவில்லை.

மனைவி செத்த பிறகு வீட்டில் கதைக்க ஆளில்லை. சில நாட்களில் பின்னேரம் பூனையை ஏசும்போதுதான் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறப்பார். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்கும். பயமாகக்கூட இருக்கும்.

யுத்தத்தால் கரண்ட் இல்லாத ஊரில், பெற்றோல் இல்லாமல் நின்ற காரின் பற்றரியைக் கழற்றி ரேப் றெக்கோடருக்குப் பூட்டியிருந்தார். அதைச் சத்தமாகப் போட்டால் தங்கச்சியைச் சமாதானத்துக்குக் கூப்பிட்டதாகிவிடும். ஹெட்போனில் போட்டால் அவர் தன்பாட்டில் கேட்கிறார். வெளியே கசிந்தால் அது ஹெட்போனின் குற்றம்.

மாதக்கணக்காக ஒரு பழைய சின்ன ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பின்னேரம் தவறாமல் வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வரவில்லை. சனியன் பிடித்த ஹெட்போனில் சத்தம் போதாது என்று முடிவு கட்டித்தான் தேவராசாவிடம் போனார்.

வெள்ளியே சரி. பத்மாசினி கலியாணம் முடிக்கும் வரை வயலின் பழகியவள். மோகன ராகம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிற்பாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலியோடு ஒட்டி உட்கார்ந்தார். சத்தத்தை முழுக்கக் கூட்டினார். காது வலித்தது. வலிக்கட்டும்.

அந்தப் பக்கம் யாரோ முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ என்ன, பத்மாசினிதான். ஹெட்போன் வலை வழியாக ஈர்க்குமாற்றின் சத்தமும் அவருக்குக் கேட்டது.

ஈர்க்குமாறு நின்றது.

காலடி வேலிக்குக் கிட்டே வந்தது. ஒரு இருமல்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பவில்லை. முதலில் அவள்தான் கதைக்கவேண்டும். கதைத்தால் உடனே குழையக்கூடாது. "ஓம், என்ன?" என்று கொஞ்சம் முறைப்பாகக் கேட்கவேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குழையலாம்.

"ஐயா..."

அண்ணை என்று வரவில்லை. குரலும் வேறு.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. உந்தப் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி விடுறீங்களே?"

சோமசேகரத்தார் ஹெட்போனைக் கழற்றினார். அவர் முறைப்பாகக் கேட்கவில்லை.

"அங்கை... பத்மா இல்லையோ?"

அந்தப் பெயரைச் சொல்லி எத்தனையோ காலம். வாயில் சரியாக வரவில்லை.

"அவ ஆவணியிலையே கிளாலிக் கடல்வழியாலை கொழும்புக்குப் போயிட்டா, ஐயா. இப்ப கனடாவிலை மகனோடையாம். நாங்கள் காங்கேசன்துறையாலை இடம்பெயர்ந்து வந்த ஆக்கள். எங்களை இருக்கவிட்டிட்டுப் போனவ."

ஆவணி போய் மாரி மழையும் தொடங்கிவிட்டது. இவ்வளவு நாளும் அவர் கேட்டிருந்த ஈர்க்குமாறும் இருமலும் இந்தப் பெண்ணுடையவை.

அவள் தொடர்ந்தாள்.

"போகேக்கை தன்ரை கதிரையை இந்த வேலியோடையே விட்டிட்டுப் போனவ. பின்னேரத்திலை இதிலை வந்து இருந்தால் பாட்டுக் கேக்கும் எண்டு சொன்னவ. தானும் ஒவ்வொரு நாளும் இதிலை இருந்துதானாம் கேக்கிறவ."

சோமசேகரத்தார் கையிலிருந்த ஹெட்போனை மடியில் வைத்தார்.

பிறகு அதன் வயரை ரேப் றெக்கோடரிலிருந்து பிடுங்கினார். வயலின் இரண்டு முற்றத்துக்கும் கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம், யாரோ உட்கார, கதிரை கிறீச்சிட்டது.